சர்ட்டிபிகேட் அருவி

வேலை கொடுக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே வாத்தியார்தான் பாடம் எடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாரும் அதே கேள்வியை எப்படிக் கேட்பார்கள்? "முன் அனுபவம் உண்டா?" இல்லை என்றால் வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு அனுபவம் எங்கிருந்து வரும் என்று திருப்பிக் கேட்டவன் எவனும் வேலையில் சேர்ந்ததாகத் தெரியவில்லை. நான் கேட்டிருக்கிறேன். திருநெல்வேலியில் ஒரு கம்பெனி இன்டர்வியூவில், கழுத்தை இறுக்கும் இரவல் டையோடு, ரொம்பப் பெரிய தத்துவத்தைக் கண்டுபிடித்தவன் மாதிரி கேட்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் மணி அடித்தார். பியூன் வந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

எழுபதுகளின் பின்பாதி அது. பி.காம். முடித்துவிட்டுத் தென்காசியில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். காசி விசுவநாதர் கோயில் கோபுரம் அப்போது இடிந்துபோய் மொட்டையாக நிற்கும். அதன் எதிரே நானும் நண்பர்களும் சாயங்காலம் முழுக்க நிற்போம். என் அம்மா ஒருநாள் கோயிலுக்கு வந்தவள், எங்கள் இருவரையும் (என்னையும் கோபுரத்தையும்) மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அதயாவது ஒருநா கெட்டி எழுப்பிருவாவ. ஒன்ன என்னைக்குலே நான் கெட்டி எழுப்ப?" என்றாள். நண்பர்கள் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே ஏதாவது சாதித்துவிட வேண்டும் என்று தோன்றியது.

சாதித்தேன். ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் வந்த விளம்பரத்தைப் பார்த்துப் பம்பாய்க்குக் கடிதம் போட்டேன். 'திட்ட நிர்வாகம்' என்று ஒரு அஞ்சல் வழிப் படிப்பு. அணையோ, பாலமோ, ஆலையோ, எதுவாக இருந்தாலும் எப்போது தொடங்கி, எதற்குப் பிறகு எதைச் செய்து, எப்போது முடிப்பது என்று திட்டம் போட்டு ஆட்களை நடத்தும் வித்தை. அணையைப் பார்த்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. மாதா மாதம் தபாலில் பாடம் வரும். நான் மாடியில் உட்கார்ந்து, முறுக்கைக் கடித்துக்கொண்டே கங்கை நதியின் குறுக்கே ஒரு பாலம் கட்டி அனுப்பினேன். நல்ல மார்க் போட்டார்கள்.

கடைசியில் சர்ட்டிபிகேட் வந்தது. தங்கக் கரை, சிவப்பு முத்திரை, கீழே யாருக்கும் புரியாத மூன்று கையெழுத்து. அப்பா அதைக் கண்ணாடி போட்டு முருகன் படத்துக்கும் லட்சுமி படத்துக்கும் நடுவில் மாட்டினார். வெள்ளிக்கிழமை அம்மா சாமி படங்களுக்குப் பொட்டு வைக்கும்போது அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். (சரியாக மூன்றாவது கையெழுத்தின் மேல். இன்றும் இருக்கிறது.)

இப்போது மாமாவைச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. செங்கோட்டையில் மரக்கடை. கேரளாவிலிருந்து லாரி லாரியாகத் தேக்கு இறங்கும். அவர் பேசினால் அறுப்பு மில் ஓடுகிற சத்தத்துக்கு மேலே கேட்கும், பழக்கதோஷம். மாமாவின் ஒரே மகள் செண்பகம். நான் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்று எழுதினால் அது பச்சைப் பொய். ஆசையா? கிறுக்குப் பிடித்து அலைந்தேன். செங்கோட்டைக்குப் போகும் பஸ்ஸைப் பார்த்தாலே எனக்கு முகம் சிவக்கும். அவளுக்கும் என்மேல் பிரியம் உண்டு என்பது என் ஊகம். ஏனென்றால் மற்றவர்களைவிட என்னை அதிகமாகக் கேலி செய்வாள்.

மாமா அந்த வருடம் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார். மாடித் தளம் மட்டும் பாக்கி. ஆடி மாதக் கூட்டத்துக்குள் திறந்தாக வேண்டும். ஒருநாள் தென்காசிக்கு வந்தவர் சுவரில் இருந்த என் சர்ட்டிபிகேட்டைக் கிட்டே போய்ப் பார்த்தார். பொட்டையும் பார்த்தார்.

"இதுல என்னலே போட்டிருக்கு?"

"பெரிய பெரிய வேலைய எல்லாம் திட்டம் போட்டு முடிச்சுக் குடுப்பேன்னு போட்டிருக்கு மாமா."

"எத்தன முடிச்சிருக்க?"

"கங்கையில ஒரு பாலம்." எவ்வளவு பெரிய முட்டாள் நான், பாருங்கள்.

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "யக்கா, மதுரையில இருந்து ஒரு பேங்க் மாப்ளை சம்மந்தம் வந்திருக்கு. ரெண்டு பட்டம், மூணு வருச சர்வீசு. நம்ம பயலுக்கு ஒரு சான்சு குடுக்கேன். குத்தாலத்து வேலைய ஒழுங்கா முடிக்கட்டும். முடிச்சாம்னா லாட்ஜுக்கு அவன்தான் மேனேஜரு, செண்பகம் அவனுக்குத்தான். கெடுத்தாம்னா மதுரைக்காரனுக்குப் பாக்கு மாத்திருவேன், பொறவு என்னைய யாரும் குத்தஞ்சொல்லப்பிடாது" என்றார்.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்திலா பயத்திலா என்று இப்போது யோசித்தாலும் சொல்லத் தெரியவில்லை.

குற்றாலத்தில் எனக்கு முன்பே ஒருவர் இருந்தார். சுடலைமுத்து அண்ணாச்சி. மாமாவின் மேஸ்திரி. படிப்பு கிடையாது, வாய் உண்டு. எதைச் சொன்னாலும் "என் சர்வீசுல..." என்றுதான் ஆரம்பிப்பார். அவர் சர்வீசில் பார்க்காத கட்டடம் இல்லை, பார்க்காத மழை இல்லை, அவரை ஏமாற்றிய சிமெண்ட் இல்லை. அவர் கட்டிய ஒரு திண்டுச்சுவர் ஐந்தருவி ரோட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அதைக் காட்டிக் கேட்டால், "அது சாயணும்னு கெட்டுனது" என்பார்.

நான் முதல் காரியமாகப் பெரிய தாளில் கட்டமும் அம்புக்குறியுமாக ஒரு படம் வரைந்து, சாமான் வைக்கும் கொட்டகையில் ஆணி அடித்து மாட்டினேன். எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை, எதற்கு எவ்வளவு அவகாசம், எல்லாம் அதில் இருந்தது. சித்தாள் ஒரு அம்மா அதைப் பார்த்து, "கோலம் நல்லாத்தான் இருக்கு, புள்ளி வைக்க விட்டுட்டியளே தம்பி" என்றாள். அண்ணாச்சி குடைக்கம்பியால் ஒரு கட்டத்தைக் குத்தி, "இதென்னவே, ஜன்னலா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் எதிலும் ஒத்துப்போனதில்லை. மணலை இந்தப் பக்கம் கொட்டு என்றால் அவர் அந்தப் பக்கம் என்பார். நான் புத்தகத்தைக் காட்டுவேன், அவர் நெஞ்சைக் காட்டுவார். கொத்தனார்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனோம். சீசன் தொடங்குவதற்குள் தளம் போட்டுவிடலாம் என்பது. "காத்து இன்னும் திரும்பல. அருவில தண்ணி விழ நாளாவும். என் சர்வீசுல பாக்காத சாரலா?" என்றார் அண்ணாச்சி. என் படத்திலும் 'சீசன்' என்ற கட்டம் தளத்துக்கு அடுத்த அம்புக்குறியின் முனையில்தான் இருந்தது. அனுபவமும் சர்ட்டிபிகேட்டும் ஒரே பதிலைச் சொன்னதும் மாமா நாள் குறித்துவிட்டார்.

தளம் போடும் நாள் என்றால் எங்கள் பக்கம் கல்யாண வீடு மாதிரி. தேங்காய் உடைத்து, கலவை மிஷினுக்கு மாலை போட்டு, ஆணும் பெண்ணுமாக வரிசையாக நின்று சட்டி சட்டியாகக் கலவையை மேலே ஏற்றுவார்கள். மத்தியானம் எல்லாருக்கும் முதலாளி வீட்டுச் சாப்பாடு. மாமா குடும்பத்தோடு செங்கோட்டையிலிருந்து சாப்பாடு கொண்டுவருவதாக ஏற்பாடு. செண்பகமும் வருவாள். அதற்காக நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் காங்கிரீட் போட வந்திருந்தேன். என் புத்தி அந்த லட்சணத்தில் இருந்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தளக் காங்கிரீட்டை ஆரம்பித்தால் முடிக்கிறவரை நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தினால் போட்டது இறுகிவிடும். பிறகு போடுவது அதோடு ஒட்டாது. அந்த இடுக்கு வழியாக ஆயுசுக்கும் தண்ணீர் இறங்கும். இது என் புத்தகத்தில் இருந்தது. அண்ணாச்சிக்கும் தெரியும். கழுதை, மிஷினுக்கு மாலை போட்டவனுக்கும் தெரியும்.

காலையில் வேலை அமர்க்களமாக ஓடியது. பாதித் தளம் முடிந்திருக்கும். எங்களுக்கு மேலே வெயில். மலை உச்சியில் மட்டும் கருப்பாக மேகம் இறங்கியிருந்தது. திடீரென்று ஒரு குளிர்ந்த காற்று வந்து எல்லார் முகத்திலும் அடித்தது. சட்டி கைமாறுவது ஒரு கணம் நின்றது. அப்போது ரோட்டில் ஒருவன் தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக சைக்கிளை மிதித்துக்கொண்டே கத்திக்கொண்டு போனான்.

"ஏ... பேரருவில தண்ணி விழுந்துட்டு! தண்ணி விழுந்துட்டு!"

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. மாதக்கணக்காக வெறும் பாறையாகக் காய்ந்து கிடந்த அருவியில் வருடத்தின் முதல் தண்ணீர் விழுகிறது. அதில் குளிக்காமல் எங்கள் ஊர்க்காரன் இருக்க மாட்டான். கடையைப் பூட்டாமல் போவான், பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவான். தூரத்தில் இரைச்சல் கேட்க ஆரம்பித்துவிட்டது. சித்தாள் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். எல்லாரும் சேர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார்கள்.

அண்ணாச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கொஞ்ச நேரம் காங்கிரீட்டு தாங்கும். என் சர்வீசுல பாத்திருக்கேன். என்ன சொல்லுதிய தம்பி? ஒங்க படத்துல என்ன போட்டிருக்கு?"

அவர் என்னை 'தம்பி' என்று மரியாதையாகக் கூப்பிட்டதும், என் படத்தைப் பற்றி ஒரு பேச்சுக்காவது கேட்டதும் அதுதான் முதல் தடவை. உள்ளம் குளிர்ந்துபோய்க் கொட்டகைக்கு ஓடினேன். எங்கள் படிப்பில் 'ஃப்ளோட்' என்று ஒன்று உண்டு. ஒரு வேலை தாமதித்தாலும் மொத்தத் திட்டம் கெடாமல் தாங்குகிற ஓய்வு நேரம். படத்தில் தேடினேன். இருந்தது, தாராளமாக இருந்தது.

"ஃப்ளோட் இருக்கு அண்ணாச்சி!" என்று கத்தினேன்.

(அது வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையின் ஃப்ளோட். தளத்துக்கு இருந்தது சுத்தமாகப் பூஜ்யம். கண் அங்கே போகவில்லை. காது அருவியில் இருந்தது.)

அடுத்த நிமிடம் அந்த இடத்தில் ஆள் இல்லை. மிஷின் ஓட்டுகிறவன் மிஷினைக்கூட நிறுத்தாமல் இறங்கி ஓடினான்.

அந்தக் குளியலை எப்படிச் சொல்வேன்! முதல் தண்ணீர், இலையும் சருகுமாகக் கலங்கி வந்தது. யார் அதைப் பார்த்தார்கள்? அண்ணாச்சி எங்கிருந்தோ நல்லெண்ணெய் வாங்கிவந்து என் தலையில் அரக்கித் தேய்த்துவிட்டார். நான் அவர் முதுகைத் தேய்த்தேன். அருவிக்கு அடியில் இருவரும் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முதுகில் தண்ணீர் தம்தம்மென்று அறைந்தது. அவர் ஏதோ கத்தினார், நான் ஏதோ கத்தினேன், ஒன்றும் கேட்கவில்லை, இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு எத்தனையோ சீசனில் குளித்துவிட்டேன். அந்தச் சந்தோஷம் திரும்ப வரவே இல்லை. இருபது சொச்சம் வயதையும் அந்த இரைச்சலையும் நினைத்தால் இப்போதும் மனசு ஏங்குகிறது.

குளித்தால் பசிக்கும். அருவிக்கரைக் கடையில் சூடாக உளுந்தவடை போட்டுக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்தோம். ஃப்ளோட்தான் இருக்கிறதே!

திரும்பி வந்தபோது வாசலில் மாமாவின் கார் நின்றது. மிஷின் தன் பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி, வயிற்றில் கலவை கல்லாகி மூச்சடங்கி நின்றிருந்தது. தளத்தின் மேல் மாமா, இடுப்பில் கை வைத்து நின்றார். அவர் காலடியில் பாதித் தளம் பாறையாக இறுகியிருந்தது. கீழே சாம்பார்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் சிமெண்ட் மூட்டையின் மேல் செண்பகம் உட்கார்ந்திருந்தாள். என் தலையிலிருந்து எண்ணெயும் தண்ணீரும் வெள்ளைச் சட்டையில் வழிந்துகொண்டிருந்தன.

"ஏலே சர்ட்டிபிகேட்டு! எங்கலே போன?"

"மாமா... ஃப்ளோட்டு..."

"மூதி! மூதி! வே சுடல, ஒமக்குக் கூறு வேண்டாம்? சர்வீசு சர்வீசும்பீரே, சவம், எங்கவே போச்சு ஒம்ம சர்வீசு?"

"தம்பிதான் படத்துல இருக்குன்னாவ மொதலாளி."

"அண்ணாச்சிதான் தாங்கும்னாரு மாமா."

மாமா கத்தியதில் பக்கத்துக் கட்டடத்து வேலையும் நின்றுபோயிற்று. பரம்பரையை எல்லாம் இழுத்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். பிறகு மூச்சு வாங்க நின்றார். அந்த அமைதியில் அருவிச் சத்தம் நன்றாகக் கேட்டது. மாமா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"பேரருவியா?"

"ஆமா மாமா."

"நல்லா விழுதா?"

"முதுகு பிளக்கு மாமா."

வேட்டியை மடித்துக் கட்டினார். டிரைவரிடம், "வண்டிய எடு. வழியில எண்ணெய் வாங்கணும்" என்றார். கார் போய்விட்டது. செண்பகம் எழுந்து முந்தானையை உதறினாள். "எல்லாரும் குளிச்சாச்சு. நான் மட்டும் சாம்பாருக்குக் காவலா? நல்லாருப்பிய அத்தான், நல்லாருப்பிய" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எண்ணெய் கண்ணில் பட்டதாகச் சொல்லிச் சமாளித்தேன்.

மீதித் தளத்தைச் சாயங்காலம் கையாலேயே கலவை குழைத்துப் போட்டு முடித்தோம். சேரும் இடத்தில் சிமெண்ட் பாலை ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும் என்றார் அண்ணாச்சி, தன் சர்வீசில் பார்த்திருக்கிறாராம். ஒட்டும் என்று நானும் தலையாட்டினேன். பூசி வெள்ளை அடித்ததும் ஒன்றும் தெரியவில்லை. லாட்ஜ் ஆடியில் திறந்தது. திறந்த வாரமே பலமான சாரல் பிடித்தது, ஏழாம் நம்பர் அறையின் கூரையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஒரே கோடாகத் தண்ணீர் இறங்கிற்று. மாமா எங்கள் இருவரையும் வரிசையாக நிற்கவைத்தார்.

"சர்ட்டிபிகேட்டையும் சர்வீசையும் சேத்து வச்சா வேல நல்லா நடக்கும்னு நெனச்சேன். ரெண்டும் சேந்துல்லா குளிக்கப் போயிட்டு! போங்கவே ரெண்டு பேரும்."

வேலை போயிற்று. ஏழாம் நம்பரைப் பூட்டிச் சாவியை மாமா செங்கோட்டைக்கே கொண்டுபோய்விட்டார். ஆவணியில் பெண் பார்க்க வரலாம் என்று மதுரைக்காரர்களுக்கு எழுதியும் போட்டார். வீட்டில் ஒருவரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாமி படங்களுக்கு நடுவில் அந்தச் சர்ட்டிபிகேட்டைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது. என்னைத் தேடி வந்த ஒரே ஆள் சுடலைமுத்து அண்ணாச்சி. கடையத்தில் ஒரு ரைஸ் மில் கட்டும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. "வாரும்வே, கூட ஒரு ஆளு வேணும். ஒண்ணாக் குளிச்சவியள்ளா நாம" என்றார். இப்படித்தான் என் உத்தியோக வாழ்க்கை ஆரம்பித்தது. சர்ட்டிபிகேட்டும் கேட்கவில்லை, அனுபவமும் கேட்கவில்லை. (அந்த மில் ஒழுகவில்லை. கடையத்தில் வேலை நடந்த இடத்துக்குக் கிட்டே அருவி கிடையாது.)

ஆவணியில் மதுரைக்காரர்கள் வந்தார்கள். முதல் நாள் குற்றாலத்தில் குளித்துவிட்டு, மாமாவின் லாட்ஜிலேயே தங்கி, மறுநாள் செங்கோட்டையில் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. தங்கினார்கள். மத்தியானம் மாப்பிள்ளை சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்கினார், வெளியே சாரல் பிடித்தது. அவர் விழித்தபோது மெத்தை, தலையணை, மாப்பிள்ளை மூன்றும் தொப்பலாகியிருந்தன. மறுநாள் செங்கோட்டையில் பலகாரம் ஆயிற்று, பெண்ணும் பிடித்துப்போயிற்று, மாமா வெற்றிலைப் பாக்குத் தட்டை எடுத்து நீட்டினார். அப்போது மாப்பிள்ளை தும்மினார். அப்படி ஒரு தும்மல்! தட்டிலிருந்த வெற்றிலை பறந்ததாகச் செண்பகத்தின் அம்மா, என் அத்தை, இன்றும் சத்தியம் செய்வாள். நல்ல காரியத்தில் ஒற்றைத் தும்மல் என்றால் கேட்க வேண்டுமா? மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டாள். "சகுனம் சரியில்லை" என்றாள். கார் மதுரைக்குப் போய்விட்டது.

கூடியிருந்த சொந்தக்காரர்கள் முன்னால் மாமாவுக்குப் பெரிய தலைக்குனிவு. கொஞ்ச நாள் கழித்துத் தென்காசிக்கு வந்தார். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டார். "கடையத்துல ஒழுங்கா வேல பாக்கானா?"

"பாக்கான்பா" என்றாள் அம்மா.

"தையில வச்சிருவோம்."

கல்யாணம் ஆன வருடம் சீசனுக்குக் குற்றாலம் போனோம், நானும் செண்பகமும். பெண்கள் பக்கத்தில் ஆசை தீரக் குளித்துவிட்டு வந்து ஈரத்தலையை உலர்த்திக்கொண்டு நின்றாள். நான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். கடையத்து மில் வேலையைப் பார்த்துத்தான் மாமா மனசு மாறினார், என்ன இருந்தாலும் அனுபவம் அனுபவம்தான், ஆனால் சர்ட்டிபிகேட் படிப்பு அடியில் இருந்ததால்தான் அந்த அனுபவமே பிடிபட்டது, இப்படி அளந்துகொண்டே போனேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அத்தான், அன்னைக்கு மதுரைக்காரங்களுக்கு ரூம் சாவி எங்கன இருந்து போச்சு தெரியுமா?"

"எங்கன?"

"எங்க வீட்டு அலமாரியில இருந்து. ரெண்டு சாவி இருந்துச்சு. ஒண்ணு ஒறவுக்காரங்க வந்தா குடுக்க மூலை ரூம் சாவி. இன்னொண்ணு பூட்டிப் போட்ட ஏழாம் நம்பரு. மூலை ரூம் சாவிய டிரைவர்ட்ட குடுத்துவிடுட்டின்னு அப்பா எங்கிட்டதான் சொன்னாவ."

"நீ எந்தச் சாவியக் குடுத்த?" என்றேன்.

"வானம் பாத்தேன். மேக்க மூட்டமா இருந்துச்சு. ஏழாம் நம்பர எடுத்துக் குடுத்தேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். "நீங்க ஒழுங்கா செஞ்ச வேல அந்த ஒழுக்கு ஒண்ணுதான். அதயும் வீணாக்கிரப்பிடாதுல்லா."

ஏழாம் நம்பருக்கு எங்கள் குடும்பத்தில் 'சர்ட்டிபிகேட் அருவி' என்று பெயர். பேரருவியில் தண்ணீர் வற்றினாலும் அதில் வற்றாது என்பார்கள். நானும் பிற்பாடு எத்தனையோ கட்டடம் கட்டி, எத்தனையோ பேரை வேலைக்கு எடுத்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போதும் யாராவது வீட்டுப் பிள்ளைகள் வந்து, "தாத்தா, திட்ட நிர்வாக வேலைக்கு மொதல்ல சர்ட்டிபிகேட் எடுக்கணுமா, இல்ல வேலையில சேந்து அனுபவம் சேக்கணுமா?" என்று கேட்பார்கள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பிப்பேன். அதற்குள் அடுக்களையிலிருந்து குரல் வந்துவிடும்.

"அது கெடக்கட்டும் மக்கா. சாவி யாருகிட்ட இருக்குன்னு மொதல்ல பாத்துக்கோ."